பழைய கிரேக்க வாக்கியத்தில் எழுவாயை எங்கே தேடுவது?

கேள்வி இதுதான்: "பழைய கிரேக்கம் படிக்க ஆரம்பித்திருக்கிறேன், செனபோனும் புதிய ஏற்பாடும் கையில் இருக்கின்றன, ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் எழுவாயைக் காணோம், பல இடங்களில் பெயர்ச்சொல்லே இல்லாமல் அடைமொழி மட்டும் தனியாக நிற்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள், நான் எப்படிப் பிடிப்பது?" கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒற்றை விதியாகச் சொன்னால் பிரயோஜனம் இல்லை, உண்மையான வாக்கியங்களை வைத்துப் பார்த்தால்தான் பழகும். கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஏறக்குறைய ஒலிக்கிறபடி எழுதுகிறேன்.

முதலில் வினைமுற்று. லெகோ என்றால் சொல்கிறேன், லெகெய்ஸ் சொல்கிறாய், லெகெய் சொல்கிறான் அல்லது சொல்கிறாள் அல்லது சொல்கிறது, லெகொமென் சொல்கிறோம், லெகெதெ சொல்கிறீர்கள், லெகூசி சொல்கிறார்கள். ஆள் யார் என்பது விகுதியிலேயே இருக்கிறது. "நேற்றே வந்துவிட்டேன்" என்று பேசுகிற நமக்கு இதில் திகைக்க எதுவும் இல்லை, நம் இலக்கணத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நாம் பெரும்பாலும் ஆங்கிலப் பாடநூல் வழியாகக் கிரேக்கம் படிக்கிறோம், அந்த நூல்கள் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் நான், நீ, அவன் என்று எழுதி வைத்திருப்பதால் கிரேக்கத்தில் ஏதோ காணாமல் போனது போலத் தோன்றுகிறது. அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேராகத் தமிழ்க் காதோடு வாசியுங்கள், பாதி சிக்கல் அங்கேயே தீரும்.

ஆனால் தமிழர் தடுக்கி விழுகிற இடமும் இங்கேதான் இருக்கிறது. தமிழ் வினைமுற்று ஆண்பால், பெண்பால், மரியாதை எல்லாவற்றையும் சொல்லிவிடும். கிரேக்க வினைமுற்று ஒருமையா பன்மையா என்பதோடு நிறுத்திக்கொள்ளும். சுவிசேஷத்தில் "எய்பென்" என்று ஒரு சொல் வந்துகொண்டே இருக்கும். சொன்னான், சொன்னாள், சொன்னார், சொன்னது என நான்கும் அதற்குள் அடக்கம். தமிழ் பைபிளில் இயேசு பேசினால் "சொன்னார்", பேதுரு பேசினால் "சொன்னான்" என்று வருவதால், பெயரே இல்லாவிட்டாலும் யார் பேசுவது என்று விகுதியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கிரேக்க மூலத்தில் இருவருக்கும் ஒரே எய்பென்தான். அங்கே யார் பேசுகிறார் என்பதை வேறு தடயங்களை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அந்தத் தடயங்களைப் பற்றித்தான் இந்தப் பதில் முழுவதும்.

எகோ (நான்), ஸூ (நீ) என்ற சொற்கள் கிரேக்கத்தில் இல்லாமல் இல்லை. தேவைப்படும்போது மட்டும் வரும், வந்தால் அதில் அழுத்தம் இருக்கும். மாற்கு சுவிசேஷம் 15ஆம் அதிகாரத்தில் பிலாத்து இயேசுவிடம் "ஸூ எய்" என்று ஆரம்பித்து யூதருடைய ராஜா நீயா என்று கேட்கிறான். "எய்" என்ற ஒற்றை அசையே போதும், அதற்குள் 'நீ' இருக்கிறது. அப்படியும் ஸூ போட்டு ஆரம்பிக்கிறான் என்றால் கேள்வியின் கனம் முழுக்க அந்தச் சொல்லில்தான் விழுகிறது: கட்டப்பட்டு நிற்கிற நீயா ராஜா? யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் இன்னும் அழகு. யோவான் ஸ்நானகனிடம் ஆட்கள் வந்து நீர் யார் என்று கேட்கிறார்கள். "எகோ ஊக் எய்மி ஹொ க்ரிஸ்தொஸ்" என்கிறார், நான் கிறிஸ்து அல்ல. அங்கே எகோ வருகிறது, அது வேறொருவர், நான் அல்ல என்கிற குறிப்போடு. அப்புறம் எலியாவா என்கிறார்கள், "ஊக் எய்மி" என்கிறார். தீர்க்கதரிசியா என்கிறார்கள், "ஊ" என்கிறார், அவ்வளவுதான். ஐந்து சொல், இரண்டு சொல், ஒரு சொல். முதல் பதிலில் இருந்த எகோ இரண்டாவதில் இல்லை என்பதைக் கவனிக்காமல் போனால் அந்த உரையாடலின் வேகம் கைக்குக் கிடைக்காது. மத்தேயு 5இல் முன்னோர்களுக்குச் சொல்லப்பட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு "எகோ தெ லெகோ", 'நானோ சொல்கிறேன்', என்று திரும்பத் திரும்ப வருவதும் இதே கணக்குதான். ஆகவே எழுவாய் எங்கே இல்லை என்று தேடுவதைவிட, தேவையில்லாத இடத்தில் ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். அங்கேதான் எழுதியவரின் குரல் கேட்கும்.

படர்க்கைக்கு வந்தால் நிலைமை வேறு. 'அவன்' என்பதற்கு நேரான, எழுவாயாகப் போடத்தக்க சாதாரணச் சொல் பழைய கிரேக்க உரைநடையில் கிடையாது. அவுதொஸ் எழுவாயாக வந்தால் 'அவனே' என்ற அழுத்தம், எகெய்னொஸ் என்றால் 'அந்த ஆள்' என்று தூரத்தில் சுட்டுவது, ஹூதொஸ் என்றால் 'இந்த ஆள்'. சாதாரண 'அவன்' வேண்டுமென்றால் ஒன்றும் போட மாட்டார்கள். அப்படியானால் கதையில் இரண்டு மூன்று ஆண்கள் இருந்தால் குழம்பாதா? குழம்பாமல் இருக்க அவர்கள் வைத்திருந்த கருவி இரண்டு சின்னச் சொற்கள்: "ஹொ தெ". ஹொ என்பது ஆண்பால் ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தின் the மாதிரி பெயருக்கு முன்னால் வருகிற சொல்), தெ என்பது 'ஓ', 'ஆனால்', 'அப்புறம்' என்கிற மாதிரி ஓர் இடைச்சொல். நம் 'அவனோ' இதற்கு மிக அருகில் வரும். இதன் வேலை ஒன்றே ஒன்று: இதுவரை எழுவாயாக இருந்தவனை விட்டுவிட்டேன், அந்த வாக்கியத்தில் வேறு வேற்றுமையில் நின்ற இன்னொருவனை இப்போது எழுவாயாக எடுக்கிறேன் என்று அறிவிப்பது.

இதைப் பார்க்க, பாரசீக இளவரசன் சைரஸோடு போன கிரேக்கப் படையைப் பற்றி செனபோன் எழுதிய அனபாசிஸ் தொடங்கும் இடத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பாரசீக அரசரான அப்பா தரேயுஸ் இறந்துவிட்டார், மூத்தவன் அர்த்தக்செர்க்செஸ் அரசனாகிவிட்டான், இளையவன் சைரஸ், திஸ்ஸபெர்னேஸ் ஒரு பாரசீக ஆளுநர். கி.மு. 404இல் இருந்து 401 வரை நடந்த விவகாரம். வாக்கியங்களை அவற்றின் வரிசை மாறாமல் தருகிறேன்: திஸ்ஸபெர்னேஸ் சைரஸைப் பற்றி அண்ணனிடம் கோள் சொல்கிறான், அவனுக்கு எதிராகச் சதி செய்கிறான் என்று. ஹொ தெ நம்புகிறான், சைரஸைக் கொல்லுகிற எண்ணத்தில் பிடித்து வைக்கிறான். தாயோ கெஞ்சிக் கேட்டு அவனை மீட்டு மறுபடி அவனுடைய ஆட்சிப் பகுதிக்கு அனுப்பி வைக்கிறாள். ஹொ தெ ஆபத்தில் சிக்கி அவமானப்பட்டுத் திரும்பியபின், இனி ஒருநாளும் அண்ணனுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று திட்டம் போடுகிறான்.

இரண்டு ஹொ தெ, இரண்டு வெவ்வேறு ஆட்கள். முதலாவது அர்த்தக்செர்க்செஸ், இரண்டாவது சைரஸ். இரண்டு இடத்திலும் பெயர் இல்லை, கிரேக்கன் எவனும் தடுமாறியிருக்க மாட்டான். முதல் இடத்துக்கு முந்தைய வாக்கியத்தின் எழுவாய் திஸ்ஸபெர்னேஸ், அதனால் ஹொ தெ அவனாக இருக்க முடியாது. சைரஸும் இல்லை, ஏனென்றால் அடுத்தாற்போலவே "சைரஸைப் பிடிக்கிறான்" என்று சைரஸ் செயப்படுபொருளாக வந்துவிடுகிறான். மிஞ்சுவது கோளைக் கேட்ட அண்ணன். இரண்டாவது இடத்தில் முந்தைய எழுவாய் தாய். ஹொ ஆண்பால், அதனால் தாய் இல்லை. அந்த வாக்கியத்தில் செயப்படுபொருளாக நின்ற 'அவனை' இப்போது எழுவாய்க்கு வருகிறான். இன்னொன்றையும் பாருங்கள், 'அவனுக்கு எதிராகச் சதி செய்கிறான்' என்ற இடத்தில் சதி செய்பவன் பெயரும் இல்லை, யாருக்கு எதிராக என்பதற்கும் வெறும் பிரதிப்பெயர்தான். ஒரு ராஜ குடும்பமே அரை டஜன் வரிகளுக்குள் உடைந்துபோகிறது, பெயர்கள் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். செனபோனின் நடை தெளிவானது என்று எல்லாரும் சொல்வார்கள், அந்தத் தெளிவில் பெரும் பங்கு இந்த ஹொ தெ மேல்தான் நிற்கிறது.

சில வினைகளுக்கு எழுவாயே போட மாட்டார்கள், அந்த வேலையைச் செய்கிற ஆள் ஒருவன்தான் இருக்க முடியும் என்பதால். அதே அனபாசிஸில் கிலிக்கிய ராணிக்குத் தன் படையைக் காட்டுகிறான் சைரஸ். "எபெய் எசால்பிங்க்ஸெ" என்று வருகிறது, அதாவது '(அவன்) எக்காளம் ஊதியபோது'. யார் ஊதினான்? எக்காளம் ஊதுபவன். படையில் அதற்கென்று ஓர் ஆள் இருக்கிறான், வேறு யார் ஊதுவான்! நீதிமன்றத்திலும் அப்படித்தான், தெமொஸ்தெனேஸ் மாதிரியான வழக்குரைஞர்கள் "சட்டத்தை வாசிப்பார்" என்று சொன்னால் வாசிக்கிறவர் எழுத்தர் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியும்.

அந்தக் காட்சியில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம், ஏனென்றால் நீங்கள் கேட்ட எல்லாமே ஒரே இடத்தில் இருக்கிறது. எக்காளம் கேட்டதும் கிரேக்க வீரர்கள் ஆயுதத்தை நீட்டிக்கொண்டு முன்னேறுகிறார்கள். அடுத்து "ப்ரொயியொந்தோன்" என்று ஒற்றைச் சொல், 'முன்னேறிக்கொண்டிருக்கையில்'. இது ஆறாம் வேற்றுமைப் பன்மையில் நிற்கிற எச்சம். வழக்கமாக இதனோடு ஒரு பெயரும் ஆறாம் வேற்றுமையில் நிற்க வேண்டும், இங்கே இல்லை. பன்மை என்பதே போதும், படைதான் முன்னேறுகிறது. வேகம் கூடக் கூட அவர்கள் கத்திக்கொண்டு தாமாகவே கூடாரங்களை நோக்கி ஓட ஆரம்பிக்க, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பயம் பிடித்துவிடுகிறது. ராணி வண்டியோடு ஓடுகிறாள். "ஹொய் எக் தேஸ் அகொராஸ்" விற்பனைக்கு வைத்திருந்ததைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். அந்தத் தொடரில் 'சந்தையிலிருந்து' என்பதற்கு முன் ஒரு ஆர்ட்டிகிள் இருக்கிறதே தவிர ஆட்கள், வியாபாரிகள் என்று ஒரு பெயரும் கிடையாது. சந்தைக்காரர்கள் என்று நாம் ஒரு விகுதியை ஒட்டிச் செய்வதை அவர்கள் ஓர் ஆர்ட்டிகிளை முன்னால் வைத்துச் செய்துவிடுகிறார்கள். ஊதியவன் இல்லை, முன்னேறியவர்கள் இல்லை, வியாபாரிகள் என்ற சொல் இல்லை, காட்சி முழுசாகக் கண்முன் நிற்கிறது.

எழுவாய் இல்லாத வினைகளில் சுவாரசியமானவை மழையும் இடியும் நிலநடுக்கமும். "ஹூயெய்" என்றால் மழை பெய்கிறது, அவ்வளவுதான், 'மழை' என்ற பெயர்கூட வேண்டாம். ஆனால் பெய்விப்பது யார் என்பதில் கிரேக்கருக்குச் சந்தேகம் இருந்ததில்லை: வானத்துத் தெய்வம் ஜீயஸ். பழைய நூல்களில் "ஜீயஸ் பெய்கிறார்" என்றே எழுவாயோடும் வரும். இந்த எழுவாய் எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதற்கு அரிஸ்தோபனேஸின் 'மேகங்கள்' நாடகமே சாட்சி, கி.மு. 423இல் ஏதென்ஸில் மேடையேறியது. அதில் சாக்ரடீஸ் பாத்திரம் ஜீயஸ் என்று ஒருவர் இல்லவே இல்லை என்கிறது. உடனே கிழவன் ஸ்த்ரெப்சியதேஸ் கேட்கிற கேள்வி: "அல்லா திஸ் ஹூயெய்?" அப்படியானால் பெய்வது யார்? நம்பிக்கை பற்றிய வாதம் ஒரு வினைச்சொல்லின் எழுவாய் யார் என்ற வாதமாகிவிடுகிறது. சாக்ரடீஸ் மேகங்கள்தான் என்கிறார், மேகம் இல்லாமல் ஜீயஸ் மழை பெய்ததை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்கிறார். கிழவனோ, ஜீயஸ் ஒரு சல்லடை வழியாகச் சிறுநீர் கழிப்பதாகத்தான் இதுவரை நினைத்திருந்தேன் என்கிறான். இன்னொரு ஐந்நூறு ஆண்டு கழித்து, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடரியல் பற்றி எழுதிய அப்பொல்லோனியொஸ் திஸ்கொலொஸும் இதைத் தொடுகிறார்: படர்க்கை வினை தனியாக நின்றால் ஆள் யார் என்று தெரியாது, ஆனால் மின்னுகிறது, இடிக்கிறது போன்றவற்றில் மட்டும் தெரியும், அது ஜீயஸுக்கே உரிய வேலை என்கிறார்.

நிலநடுக்கத்துக்கு "எசெய்சென்", அதாவது 'ஆட்டினான்'. வரலாற்றாசிரியர் தூசிதிதேஸ் சில இடங்களில் இந்த ஒரு சொல்லோடு நகர்ந்துவிடுவார். செனபோன் ஓரிடத்தில் "கடவுள் ஆட்டினார்" என்று எழுவாயைப் போடுகிறார், போட்டதற்குக் காரணமும் இருக்கிறது. ஸ்பார்ட்டா அரசன் அகெசிபொலிஸ் ஆர்கொஸ் நாட்டுக்குள் படையோடு நுழைந்த முதல் நாள் மாலை நிலம் ஆடுகிறது. ஸ்பார்ட்டா வீரர்கள் எல்லாரும் கடல் தெய்வம் பொசெய்தோனுக்குப் பாட்டுப் பாட ஆரம்பிக்கிறார்கள். மற்ற வீரர்கள், இது கெட்ட சகுனம், திரும்பிப் போகப் போகிறோம் என்று நினைக்கிறார்கள். அரசனோ, நுழையும் முன் ஆட்டியிருந்தால் தடுக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன், நுழைந்த பிறகு ஆட்டியதால் போ என்று சொல்கிறார் என்கிறான். அங்கே வாதமே அந்த எழுவாயின் மனசு என்ன என்பதுதான், அதனால் அவர் வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும்.

சரி, பெயர்ச்சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் ஆர்ட்டிகிள் மூன்று பாலுக்கும் வேறு வேறு: ஹொ, ஹே, தொ. வேற்றுமைக்கு வேற்றுமை, எண்ணுக்கு எண் மாறும். அடைமொழியும் அதே போல மாறும். ஆகவே பெயரை எடுத்துவிட்டாலும் அதன் பாலும் எண்ணும் வேற்றுமையும் பக்கத்தில் இருக்கிற சொற்களில் அப்படியே பதிந்திருக்கும். ஹே தெக்ஸியா என்றால் 'வலது', பெண்பால். கை என்ற சொல் பெண்பால், ஆகவே வலது கை. ஹே ஹூஸ்தெராயா 'அடுத்தது', பெண்பால். நாள் என்ற சொல் பெண்பால், ஆகவே மறுநாள். தேன் தகிஸ்தேன், 'மிக விரைவானதை'. வழி என்ற சொல்லும் பெண்பால், ஆகவே குறுக்கு வழியில், சீக்கிரமாக. மூசிகே (இசை), ரேதோரிகே (பேச்சுக்கலை) எல்லாம் கலை என்று பொருள்படும் தெக்னே என்ற பெண்பால் சொல்லை விழுங்கிய அடைமொழிகள். ஒய்கூமெனே, 'குடியிருக்கப்படுகிற', நிலம் என்ற சொல் இல்லை; அதுதான் மனிதர் வாழும் உலகம் என்பதற்கான பெயராகிவிட்டது. அபராதத் தொகை சொல்லும்போது 'ஆயிரம்' என்று பெண்பாலில் சொன்னால் திரக்மா என்று நாணயத்தின் பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அரிஸ்டாட்டில் நூல் ஒன்றின் தலைப்பு இன்னும் மோசம்: தா மெதா தா ஃபூசிகா, 'இயற்கை சார்ந்தவற்றுக்குப் பின் வருபவை'. இரண்டு ஆர்ட்டிகிள், ஒரு முன்னிடைச்சொல், ஓர் அடைமொழி, பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லை, மெட்டாஃபிசிக்ஸ் என்று ஒரு துறைக்கே அது பெயராகிவிட்டது.

சாக்ரடீஸின் நீதிமன்றப் பேச்சாக பிளேட்டோ எழுதிய 'அப்பொலொகியா'வில் எனக்குப் பிடித்த ஓர் உதாரணம் உண்டு. கி.மு. 399இல் நடந்த வழக்கில் சாக்ரடீஸ் தன் பழைய எதிரிகளைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் "எரேமேன்" குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார்கள் என்கிறார். சொல்லுக்கு நேர்ப்பொருள் 'வெறிச்சோடியதை', பெண்பால், இரண்டாம் வேற்றுமை. எதை? திகே, வழக்கு. எதிர்த்தரப்பு ஆஜராகாமல் ஒருதலையாக நடக்கிற வழக்குக்கு ஏதென்ஸ் நீதிமன்றங்களில் இருந்த பெயர் அது. நான் பதில் சொல்ல அங்கே இல்லாதபோது என் மேல் வழக்கு நடத்தித் தீர்ப்பும் வாங்கிவிட்டார்கள் என்று சாக்ரடீஸ் சொல்ல வந்தது அந்த ஒற்றை அடைமொழியில் அடங்கிவிடுகிறது. அகராதியில் எரேமொஸ் என்று தேடி 'பாலைவனம்' என்று எடுத்துக்கொண்டால் வாக்கியம் கையை விரித்துவிடும். பால் என்ன, வேற்றுமை என்ன என்று முதலில் பாருங்கள், எந்தப் பெயர் மறைந்திருக்கிறது என்று அப்புறம் யோசியுங்கள்.

மகன் என்ற சொல்லை அவர்கள் பெரும்பாலும் சொல்வதே இல்லை. அலெக்சாந்தர் ஹொ ஃபிலிப்பூ, 'பிலிப்புடைய'. தூசிதிதேஸ் தன்னையே படைத்தலைவனாகக் கதைக்குள் கொண்டுவரும் இடத்தில் ஒலொரொஸுடைய தூசிதிதேஸ் என்றுதான் அறிமுகம் செய்துகொள்கிறார். லூக்கா 3ஆம் அதிகாரத்தின் வம்ச வரிசையில் 'மகன்' ஒரே ஒரு முறை, ஆரம்பத்தில். அப்புறம் யோசேப்பிலிருந்து ஆதாம் வரை, ஆதாமிலிருந்து கடவுள் வரை, எழுபதுக்கும் மேற்பட்ட தடவை வெறும் "தூ" என்ற ஆறாம் வேற்றுமை ஆர்ட்டிகிள்தான் வருகிறது. தமிழ் பைபிளில் ஒவ்வொரு பெயருக்கும் 'குமாரன்' போட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது, தமிழ் வாக்கியம் அது இல்லாமல் நிற்காது. அதே மாதிரி எய்ஸ் ஹாய்தூ, 'பாதாள தெய்வம் ஹாதேஸுடையதற்குள்'. எய்ஸ் என்ற முன்னிடைச்சொல் இரண்டாம் வேற்றுமையைத்தான் ஏற்கும். அதற்குப் பின்னால் ஆறாம் வேற்றுமையைப் பார்த்தால் நடுவே 'வீடு' என்ற சொல் போயிருக்கிறது என்று அர்த்தம். வேற்றுமை இடிக்கிற இடமெல்லாம் இப்படி ஒரு தடயம்தான், அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்தப் பழக்கம் பழைய கிரேக்கத்தோடு நின்றுவிடவும் இல்லை. இன்றைய கிரேக்கத்தில் தண்ணீருக்கு நெரோ. இது நெயரொன் ஹூதோர், 'புதிய தண்ணீர்', என்பதில் தண்ணீர் என்ற பெயர் போய் 'புதிய' என்ற அடைமொழி மட்டும் மிஞ்சியது. கல்லீரலுக்கு இன்றைய சொல் ஸிகோத்தி; அத்திப்பழம் தின்னக் கொடுத்துக் கொழுக்க வைத்த பிராணியின் ஈரலை 'அத்தி ஏற்றிய ஈரல்' என்றார்கள், ஈரல் என்ற பழைய சொல் ஹேபார் விழுந்துவிட்டது, அத்தியே உறுப்பின் பெயரானது. லத்தீன்காரர்களும் இதைப் பார்த்து அப்படியே செய்ததால் இத்தாலியில் ஃபெகாதோ, பிரெஞ்சில் ஃபுவா என்று அந்த அத்தி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மறைந்த சொல்லைக் கண்டுபிடிப்பது ருசியான வேலை, அதில் மிதமிஞ்சிப் போக முடியும். நெதர்லாந்தின் ஃப்ரானெகர் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த லம்பெர்ட் பொஸ் 1702இல் கிரேக்கத்தில் விடுபடும் சொற்களைத் திரட்டி ஒரு புத்தகம் போட்டார், பின்னால் வந்தவர்கள் அதை ஊதிப் பெருக்கினார்கள், ஒவ்வொரு தொடருக்கும் அடியில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது என்கிற நிலைமைக்குப் போய்விட்டது. 1808இல் ஜெர்மன் அறிஞர் கொட்ஃப்ரீட் ஹெர்மன் இதை எதிர்த்து எழுதினார். என் கட்சியும் அவர் கட்சிதான். 'வலது' என்று ஏதென்ஸ்காரன் சொன்னபோது அவன் மனதில் முதலில் 'வலது கை' என்று தோன்றி, பிறகு கையை வெட்டினான் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. 'நல்லவை கடினமானவை' என்று பொருள்படும் பழமொழி, கலெபா தா கலா, அதில் 'இருக்கின்றன' என்ற வினை இல்லை, தமிழிலும் இல்லை. நாம் பெயர்ப்பயனிலை என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போகிறோம், எதையும் சேர்த்து வாசிப்பதில்லை. கிரேக்கத்தையும் அப்படியே வாசியுங்கள். பொருள் தெரிந்துவிட்டால் போதும், கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

நிரப்பவே கூடாத இடங்களும் உண்டு. யாருடையது என்பதைக் கிரேக்கம் சாதாரணமாகச் சொல்லாது. சைரஸ் 'தேரிலிருந்து குதித்துக் கவசத்தை அணிந்தான்' என்றால் அவனுடைய தேர், அவனுடைய கவசம். இந்த வழக்கத்தின் மேல்தான் உலகத்தின் பிரபலமான ஓர் ஏமாற்றம் நடக்கிறது. வரலாற்றாசிரியர் ஹெரொதொதொஸ் சொல்கிற கதை: லிதிய அரசன் குரோசஸ் பாரசீகத்தின் மேல் படையெடுக்கலாமா என்று டெல்ஃபி கோயிலில் குறி கேட்கிறான், எடுத்தால் ஒரு பெரிய ஆட்சியை அழிப்பாய் என்று பதில் வருகிறது. யாருடைய ஆட்சி என்று இல்லை. எதிரியுடையது என்று அவன் நிரப்பிக்கொண்டான், போனான், அழிந்தது அவனுடையது. பிறகு அவன் ஆள் அனுப்பிக் கேட்டபோது டெல்ஃபி கொடுத்த பதிலும் இலக்கணப் பதில்தான்: உன் ஆட்சியா சைரஸின் ஆட்சியா என்று திரும்பக் கேட்டிருக்க வேண்டியது நீ. இந்த சைரஸ் அனபாசிஸில் வருபவன் இல்லை, அவனுக்கு நூற்றைம்பது ஆண்டு முந்தைய பாரசீகப் பேரரசன்.

பெண்கவிஞர் சாஃபோவின் முதல் பாட்டு இன்னொன்று. காதலில் தோற்ற சாஃபோவுக்குக் காதல் தெய்வம் அஃப்ரொதீத்தே ஆறுதல் சொல்கிறாள்: இப்போது ஓடினாலும் சீக்கிரம் துரத்தும், பரிசை வாங்காவிட்டாலும் கொடுக்கும், காதலிக்காவிட்டாலும் சீக்கிரம் காதலிக்கும், விருப்பமில்லாமலே. வேண்டுமென்றே அஃறிணை போல எழுதியிருக்கிறேன், கிரேக்க வினைகளில் ஆணா பெண்ணா என்று தெரியாது என்பதைக் காட்ட. வரிசையாக ஆறு வினை, ஒன்றுக்கும் எழுவாய் இல்லை. கடைசியில் "எதெலொய்ஸா" என்று வருகிற எச்சத்தின் பெண்பால் விகுதியில்தான் அந்த ஆள் ஒரு பெண் என்று தெரிகிறது. செயப்படுபொருளும் இல்லை என்பதையும் பாருங்கள். அவள் துரத்துவாள் என்றுதான் தெய்வம் சொல்கிறது, யாரை என்று சொல்லவில்லை, 'உன்னை' என்ற சொல் மூலத்தில் அந்த வரிகளில் இல்லை. சாஃபோவைத் திரும்பக் காதலிப்பாள் என்று பலரும் வாசிக்கிறார்கள். அவளும் ஒருநாள் வேறு யாரையோ துரத்தித் தோற்பாள், நீ படுவதை அவளும் படுவாள் என்று வாசிக்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் மூலம் இடம் கொடுக்கிறது. தமிழில் மொழிபெயர்க்கிறவர் 'உன்னை' என்று போட்டால் ஒரு கதவை மூடிவிடுகிறார், முதல் வினையிலேயே 'ஓடினாலும் அவள்' என்று ஆரம்பித்தால் இன்னொன்றையும்.

வேலைக்கு உதவுகிற மாதிரி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அனபாசிஸின் முதல் இரண்டு அத்தியாயங்களை எடுங்கள். ஒவ்வொரு வினைமுற்றையும் பென்சிலால் அடிக்கோடிட்டு, முதல் வேற்றுமையில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முந்தைய வினையின் ஆள் தொடர்கிறான் என்று வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும். ஹொ தெ வந்தால் நின்று, முந்தைய வாக்கியத்தில் வேறு வேற்றுமையில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பெயரில்லாத அடைமொழி வந்தால் முதலில் பால், அப்புறம் வேற்றுமை. எகோவோ ஸூவோ வந்தால் அந்த வாக்கியத்தை ஒரு தடவை வாய்விட்டு, அழுத்தம் கொடுத்துச் சொல்லிப் பாருங்கள். மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், குறைந்தது ஒரு பத்தி முடியும் வரைக்குமாவது, ஏனென்றால் அதில் எல்லா இடத்தையும் ஏற்கெனவே யாரோ நிரப்பி வைத்திருப்பார்கள்.